இருபத்தாறில் நின்றுபோன ஓடை

வஹீதா கெர்க்கென்னாத் தீவுக்காரி. கடலுக்கு இந்தக் கரையில் இருக்கிற எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் தீவுக்காரர்களைப் பற்றி ஒரு கேலி உண்டு. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், கப்பலைத் தவறவிட்டால் துறைமுகத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டு அடுத்த கப்பலைப் பிடிப்பவர்கள் என்று. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் முதலாளி ஹெதி இதைச் சொல்லிக் காட்டினார். அவள் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"ஸ்ஃபாக்ஸ்காரங்க தூங்கவே மாட்டாங்க ஹெதி ஐயா. தூங்கினா கனவு வரும். கனவுல விளக்கு எரிஞ்சா அதுக்கு யாரு காசு கட்டுறது?"

ஹெதி வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் ஊர்க் கஞ்சத்தனத்தை ஊர்க்காரனிடமே சொல்லிச் சிரிக்க வைக்க ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவளுக்கு இருந்தது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாரும் அவளிடம் வாய்கொடுக்கவில்லை.

நாங்கள் நாலைந்து பேர்தான். பிரான்சில் படித்துவிட்டு வந்த ஹெதி, மெஜிதா மாவீஜ் சாலையில் ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் இரண்டு அறை பிடித்துக் கம்பெனி தொடங்கியிருந்தார். தூரகிழக்கிலிருந்து சின்னப் பெட்டிகளை வரவழைப்போம். நோயாளி அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு ஒரு பகல், ஓர் இரவு நடமாட வேண்டும். பெட்டி அவன் இருதயத் துடிப்பையெல்லாம் பதிந்துவைக்கும். மறுநாள் நர்ஸ் பெட்டியைக் கணினியில் சொருகினால் நாங்கள் எழுதிய கணினி நிரல் அதைப் படித்து, துடிப்பு எப்படி இருந்தது, எங்கே தடுமாறியது என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கும். பெட்டி வெளியூர்ச் சரக்கு, நிரல் எங்களுடையது. அதில் பதிவைத் திறந்து படிக்கிற பகுதி முழுக்க வஹீதா எழுதியது. மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் அதை நிறுவி, நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. என் பெயர் நூரி.

வஹீதாவின் அப்பா கடலில் மண்பானை இறக்கி ஆக்டோபஸ் பிடிப்பவர். ஆறு பெண்களில் படித்தவள் இவள் ஒருத்திதான். கணவன் லொத்ஃபி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அவர்களுக்கு எமெல் என்று ஒரு மகள். வஹீதா எதையும் இரண்டு முறை பார்க்கிறவள். வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி, திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். நிரலை வெளியே அனுப்புவதற்கு முன் எங்கள் எல்லோர் இடுப்பிலும் பெட்டியைக் கட்டிச் சோதித்தாள். ஹெதி கட்டிக்கொண்டார், நான் கட்டிக்கொண்டேன். லொத்ஃபி அதைக் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். எல்லோருடைய பதிவும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பிசகில்லாமல் வந்தது. எங்கள் எல்லோருக்கும் நல்ல இருதயம்.

அதன் பிறகு பெட்டிகள் நன்றாக விலைபோயின. ஸ்ஃபாக்ஸ் தனியார் மருத்துவமனைகளில் பாதி நோயாளிகள் லிபியாக்காரர்கள். எல்லை தாண்டிக் குடும்பத்தோடு வந்து, பக்கத்திலேயே வீடு வாடகைக்கு எடுத்து, சமைத்துச் சாப்பிட்டு, வைத்தியம் முடித்துக்கொண்டு திரும்புவார்கள். இரண்டாயிரத்து ஒன்பது இலையுதிர் காலத்தில் அப்படி வந்தவன்தான் ஸாலெம். ஸுவாரா ஊர்க்காரன், லாரி ஓட்டுகிறவன், நாற்பது வயதுகூட ஆகவில்லை. வண்டி ஓட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று அவனுடைய அண்ணன் ஈஸா வற்புறுத்திக் கூட்டிவந்தான். அவர்கள் போன மருத்துவமனையின் இருதய வைத்தியர் டாக்டர் நஜாத் பெட்டியைக் கட்டி அனுப்பினாள். மறுநாள் வந்த அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. காப்பியைக் குறை, தூக்கத்தைக் கூட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அண்ணனும் தம்பியும் சந்தோஷமாக ஆலிவ் எண்ணெய் டின்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

சில வாரங்கள் கழித்து, எல்லைக்குப் போகும் வழியில் எங்கள் பக்கத்துக் கடைசி ஊரான பென் கெர்தானைத் தாண்டி, சாலையோரத்தில் ஒழுங்காக நிறுத்தப்பட்ட ஒரு லாரிக்குள் ஸாலெம் செத்துக்கிடந்தான். ஏதோ செய்கிறது என்று உணர்ந்து ஓரம் கட்டியிருக்கிறான். யாரையும் இடிக்கவில்லை.

ஈஸா மருத்துவமனைக்குத் திரும்ப வந்தான். சண்டைக்கு அல்ல. நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்களே, பிறகு எப்படிச் செத்தான் என்று கேட்க வந்தான். டாக்டர் நஜாத் அறிக்கையின் நகலை எடுத்துத் திரும்பப் பார்த்தாள். அடியில், பெட்டியின் எண்ணுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மொத்தப் பதிவு நேரம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று போட்டிருந்தது. அந்த வரியை அதுவரை யாரும் படித்ததில்லை. அவள் எனக்குப் போன் செய்து, உங்கள் பெட்டி பாதியில் நின்றுவிட்டது என்று சத்தம் போட்டாள்.

நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, ஸாலெமின் பதிவு அந்தக் கணினியில் அழியாமல் இருந்தது. அதை எடுத்துவந்து வஹீதாவிடம் கொடுத்தேன். அவள் தன் கணினியில் திறந்தாள். பெட்டி நிற்கவேயில்லை. காலையிலிருந்து மறுநாள் காலைவரை முழுதாக ஓடியிருந்தது. மதியத்துக்குமேல் அந்தக் கோடு நாங்கள் யாரும் எங்கள் பதிவுகளில் பார்த்திராத மாதிரி ஆடியது. சாயங்காலம் ஒரு முறை நீண்ட நேரம் கன்னாபின்னாவென்று துள்ளி, தானாகவே அடங்கியிருந்தது. நானே பார்த்துச் சொல்லிவிடலாம், அது சரியில்லை என்று.

"ஆஸ்பத்திரிக் கணினில இதே கோப்புதானே? பாதிவரைக்கும்தான் தெரியுதா?" என்று கேட்டாள்.

"இதேதான். நாலு மணி நேரத்தோட நின்னுருது."

அவள் எழுந்து, மூலையில் சும்மா கிடந்த விண்டோஸ் கணினியைப் போட்டாள். அவள் எப்போதும் லினக்ஸில்தான் எழுதுவாள். முடிந்ததை மருத்துவமனைக் கணினிகளில் ஓடும் விண்டோஸுக்கு மாற்றிக் கொடுப்பாள். மூலைக் கணினியிலும் பதிவு நாலு மணி நேரத்தில் நின்றது. பெட்டி அந்தக் கோட்டின் உயரத்தை எண்களாகத்தான் பதியும்; நின்ற இடத்துக்கு அடுத்த எண் என்ன என்று தேடிப் பார்த்தாள். இருபத்தாறு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எனக்கு விளக்கிச் சொன்னாள். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவள் நிரல் எழுதிய சி என்ற கணினி மொழியில் ஒரு கோப்பைப் படிக்க முதலில் அதைத் திறக்கச் சொல்லவேண்டும். திறந்தால் கையில் கிடைப்பது ஓர் ஓடை. கேட்கக் கேட்க ஒவ்வோர் எண்ணாக அதிலிருந்து வரும். தீர்ந்துபோனால், தீர்ந்தது என்று சொல்லும். திறக்கும்போது கோப்பின் பெயரைச் சொல்லி, எப்படித் திறப்பது என்றும் சொல்லவேண்டும். படிப்பதற்கு 'ஆர்' என்று ஓர் எழுத்து. உள்ளே இருப்பது வெறும் எண்கள், எழுதிய உரை என்று நினைத்துக்கொள்ளாதே, இருக்கிறபடியே கொடு என்பதற்குப் பக்கத்தில் 'பி' என்று இன்னோர் எழுத்து. லினக்ஸில் அந்த 'பி' இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். விண்டோஸில் அப்படி இல்லை. 'பி' இல்லாவிட்டால் அது உரை என்று எடுத்துக்கொள்ளும். உரைக்கு நடுவில் இருபத்தாறு என்ற எண் வந்தால், அது ஏதோ பழங்காலத்து வழக்கப்படி, 'உரை முடிந்தது' என்பதன் அடையாளம். ஓடை அங்கேயே நின்றுவிடும். பிழை என்று எதுவும் சொல்லாது. தீர்ந்தது என்று மட்டும் சொல்லும்.

வஹீதா 'பி' போடவில்லை.

"அப்ப எல்லாருக்கும் நின்னிருக்கணுமே? எனக்கு முழுசா வந்துதே" என்றேன்.

அவள் என் பழைய பதிவைத் திறந்து காட்டினாள். கோடு நடுவில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் மேலே எழும், கீழே கொஞ்சம்போல இறங்கும். இருபத்தாறு என்பது வெகு ஆழத்தில் இருந்தது. நல்ல இருதயம் அவ்வளவு கீழே இறங்குவதே அபூர்வம். கெட்ட துடிப்புதான் அங்கே போய் விழும்.

"நூரி, இது நல்லா இருக்கிறவங்களை முழுசாப் படிக்குது. சீக்காளிங்களைத்தான், முதல் கெட்ட துடிப்பு வந்ததும் விட்டுடுது. அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தானே இருக்கும்? அதனால நல்லா இருக்குன்னு அச்சடிச்சுக் குடுத்துடுது."

எல்லா ஆழமான துடிப்பும் சரியாக அந்த எண்ணில் விழாது. சிலது தாண்டிப்போகும். அப்படித் தப்பியவர்களுக்குச் சரியான அறிக்கை வந்திருக்கும். அதனால்தான் இத்தனை காலம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

'பி' போட அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. போட்டாள். மூலைக் கணினியில் ஸாலெமின் சாயங்காலம் முழுதாகத் தெரிந்தது.

ஹெதியிடம் போனோம். அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை அவர். என் மகள் பிறந்தபோது மருத்துவச் செலவை அவர்தான் ஏற்றார். புதிய பதிப்பை உடனே எல்லா இடங்களுக்கும் அனுப்பிவிடலாம், வேகம் கூட்டியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்.

வஹீதா அது போதாது என்றாள். ஏற்கெனவே தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பதிவுகளில் பெரும்பாலானவை அழிந்திருக்கும், கணினியில் இடம் இல்லாததால் மாதம் ஒருமுறை அழிக்கும்படி வைத்திருந்தோம். ஆனால் மருத்துவமனைகளிடம் அறிக்கையின் நகல்கள் இருக்கும். அடியில் நேரம் குறைவாகப் போட்டிருக்கிற அறிக்கைகளைத் தேடி, அந்த ஆட்களைக் கூப்பிட்டுத் திரும்பப் பார்க்கவேண்டும்.

"அப்புறம்? அவங்க கேக்க மாட்டாங்களா, ஏன் கூப்பிட்டேன்னு?"

"கேப்பாங்க."

"நீ சொல்லுவியா, நான்தான் ஓர் எழுத்தை விட்டுட்டேன்னு?"

"சொல்லுவேன்."

"சொல்லிட்டு நீ தீவுக்குப் போயிடுவே, உங்கப்பாவோட பானை இறக்குவே. இங்க இருக்கிற மத்தவங்க எங்க போவாங்க? உனக்கும் ஒரு பொண்ணு இருக்கா வஹீதா. யோசிச்சுப் பேசு."

அவள் யோசித்தாளா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கம்பெனி வேனில் நான் புதிய பதிப்பு போடப் போன இடத்துக்கெல்லாம் என்னோடு ஏறிக்கொண்டாள். ஹெதிக்குத் தெரியும். தடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நான் கணினியில் வேலை பார்க்கும்போது அவள் டாக்டர்களின் அறைவாசலில் நோயாளிகளோடு உட்கார்ந்திருப்பாள். முறை வந்ததும் உள்ளே போவாள்.

ஒரு டாக்டர் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். இன்னொருவர், என் நோயாளிகளை எனக்குத் தெரியும், உன் தாளைப் பார்த்து நான் வைத்தியம் பண்ணுவதில்லை என்று வெளியே அனுப்பினார். காபெஸில் ஒரு மருத்துவமனையில் நகல்களை வைப்பதே இல்லை. ஸ்ஃபாக்ஸிலேயே ஒரு வரவேற்பறைப் பெண், அவள் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, மாமி, இது எங்க டாக்டர் காதுல விழுந்தா என்னையும் சேர்த்துத் துரத்திடுவாரு என்று கெஞ்சினாள். வஹீதாவுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. மாமி என்று யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அப்படித் தாள் வாங்கிப்போன சில நோயாளிகளை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். மாஹ்ரெஸில் ஒரு பள்ளி ஆசிரியருக்குத் திரும்பப் பெட்டி கட்டிப் பார்த்து, நெஞ்சுக்குள் கருவி பொருத்தினார்கள். இன்றைக்கும் இருக்கிறார். கூப்பிட்ட சில வீடுகளில் அவர் இறந்துவிட்டாரே என்று பதில் வந்தது. எதனால் இறந்தார் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. லிபியாவுக்குத் தாளோடு திரும்பிப் போனவர்களைத் தேட வழியே இல்லை. மருத்துவமனைகளில் கொடுத்த தொலைபேசி எண்கள் வாடகை வீடுகளுடையவை.

ஈஸா திரும்ப ஒருமுறை வந்தபோது அவளே போய் அவனைப் பார்த்தாள். நான் கூட இருந்தேன். மருத்துவமனைக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். அவன் உயரமான ஆள், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். அவள் சுற்றிவளைக்காமல் சொன்னாள். அவள் முடித்ததும் அவன் கேட்டான்.

"ஓர் எழுத்தா?"

"ஆமாண்ணே."

"எங்க, காட்டு."

அவள் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அந்த எழுத்தை எழுதிக் காட்டினாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது தெரிஞ்சிருந்தா அவன் பொழைச்சிருப்பானா?"

"தெரியல. டாக்டரைக் கேட்டேன். பொழைச்சிருக்கலாம்னு சொன்னாங்க. நிச்சயமாச் சொல்ல முடியாதாம்."

"நீ எதுக்குத் தங்கச்சி இதை எங்கிட்ட வந்து சொல்றே? அவன் விதின்னு நினைச்சுட்டு நான் பாட்டுக்கு இருந்தேன். எங்கம்மாவும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டு இருக்கா. இப்ப நான் என்ன பண்றது?"

அவன் குடித்த காப்பிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்துபோனான். அடுத்த வாரம் வழக்குப் போட்டான், கம்பெனிமீதும் அவள்மீதும்.

ஹெதியின் வக்கீல், இது ஒரு தனிப்பட்ட ஊழியரின் கவனக்குறைவு, கம்பெனிக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் நீங்கவில்லை. எனக்குப் போக வேறு இடம் இல்லை. வஹீதா தன் பங்குக்கு எதையும் மறுக்கவில்லை. நான்தான் எழுதினேன், நான்தான் விட்டேன் என்று நீதிபதியிடம் சொன்னாள். அவளுக்காக லொத்ஃபி பிடித்த வக்கீல் அன்றே வழக்கை விட்டுவிட்டுப் போய்விட்டார். லொத்ஃபி அன்று வீட்டில், உனக்கு ஜெயிலுக்குப் போகணும்னு ஆசைன்னா போ, எமெலை நான் வளக்கிறேன் என்று சொன்னதாக அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லையாம். களைத்துப்போய்ச் சொன்னாராம்.

தீர்ப்பு வரும் வரும் என்று தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் எங்கள் நாட்டில் ஜனங்கள் தெருவில் இறங்கி, அரசாங்கம் கவிழ்ந்து, நீதிமன்றம் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்தது. அது திறந்தபோது லிபியாவில் சண்டை மூண்டிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காயம்பட்டவர்கள் வண்டி வண்டியாக ஸ்ஃபாக்ஸுக்கு வந்து இறங்கினார்கள். இருதயப் பெட்டியைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரமில்லை.

ஈஸா அந்தச் சண்டையில் செத்துப்போனான். டாக்டர் நஜாத்திடம் சிகிச்சைக்கு வந்த ஒரு ஸுவாராக்காரன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வழக்கை நடத்த ஆள் இல்லை. வாதி வரவில்லை, வாதி வரவில்லை என்று சில வாய்தாக்கள் போயின. பிறகு நீதிமன்றம் அதை மூடிவிட்டது. வஹீதா போய் நீதிமன்ற எழுத்தரிடம், அப்படியானால் என்மேல் தீர்ப்பு என்னவென்று கேட்டாளாம். தீர்ப்பே இல்லை, வீட்டுக்குப் போம்மா, உனக்கு அதிர்ஷ்டம் என்றாராம்.

லொத்ஃபிக்கு கத்தாரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. போனவர் முதல் இரண்டு கோடைகளுக்கு வந்தார். அப்புறம் எமெலை மட்டும் அங்கே கூப்பிட்டுக்கொண்டார். வஹீதா ஓர் எண்ணெய் ஆலைக்காரருக்குக் கணக்குப் போடுகிற நிரல்களை எழுதிக் கொடுத்துப் பிழைத்தாள். ஹெதி கம்பெனியை விற்றார். வாங்கியவர்கள் பெட்டிக்கு வேறு பெயர் வைத்தார்கள். என்னையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள்.

எல்லை கொஞ்சம் அமைதியான ஒரு வசந்தகாலத்தில் அவள் எனக்குப் போன் செய்தாள். ஸுவாராவுக்குக் கூட்டிப்போகிறாயா என்று கேட்டாள். ஸாலெமின் அம்மாவைப் பார்க்கவேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன்.

"ஈஸா அம்மாகிட்டச் சொல்லியிருக்க மாட்டாரு. யாராவது சொல்லணும்ல."

"இப்பப் போய்ச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"தெரியல. நீ வரலைன்னா லூவாஜ் வண்டில நாலு பேரோட ஏறிப் போறேன்."

நான் வண்டியை எடுத்தேன். எல்லையில் பெட்ரோல் கடத்துகிறவர்களின் வரிசைக்குப் பின்னால் பாதி நாள் கிடந்தோம். ஸுவாராவில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஈஸாவின் பெரிய படத்தை, துப்பாக்கியோடு, தெருமுனைச் சுவரிலேயே வரைந்து வைத்திருந்தார்கள். தியாகி வீடா என்று கேட்டு ஒருவன் கூட்டிக்கொண்டு போய் விட்டான்.

அம்மா தரையில் பாய்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அமாஸிக் மொழிதான் நன்றாக வரும். அரபியில் திக்கித்திக்கிப் பேசினாள். வார்த்தை வராதபோது மருமகள் எடுத்துச் சொன்னாள். நாங்கள் ஸ்ஃபாக்ஸிலிருந்து துக்கம் கேட்க வந்திருக்கிறோம் என்றதும் கிழவி வஹீதாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈஸாவைப் பற்றியே பேசினாள். எந்த இடத்தில் விழுந்தான், யார் தூக்கிவந்தார்கள், எவ்வளவு கூட்டம் என்று. மீன் குழம்பு ஊற்றிய கூஸ்கூஸ் வந்தது. சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டோம்.

கடைசியில் வஹீதா ஸாலெமைப் பற்றிக் கேட்டாள். கிழவிக்கு ஒரு கணம் யாரைச் சொல்கிறாள் என்று பிடிபடாத மாதிரி இருந்தது. பிறகு தலையாட்டினாள்.

"ஸாலெம் பாவம். அவனுக்குச் சின்னதுலேர்ந்தே நெஞ்சு பலமில்ல. உங்க ஊர் டாக்டருங்க நல்லாத்தான் பாத்தாங்க மகளே, கடவுள் அவங்களுக்குக் குறை வைக்கக் கூடாது. ஈஸா எங்கிட்டச் சொன்னான், அவங்களால முடிஞ்சதையெல்லாம் செஞ்சாங்கம்மான்னு."

வஹீதா வாயைத் திறந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் மொழிபெயர்க்கத் தயாராகக் குனிந்தாள். கிழவி இன்னும் கையை விடவில்லை.

"கடவுள் அவருக்கு நல்ல இடம் குடுக்கட்டும்மா" என்றாள் வஹீதா.

"ஆமீன்" என்றாள் கிழவி. பிறகு மருமகளைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணுக்குப் பொட்டலம் கட்டிக்கொடு, ஒன்றுமே சாப்பிடவில்லை என்றாள்.

திரும்பும் வழியில் எல்லையைத் தாண்டியதும், பென் கெர்தான் வருவதற்கு முன் நிறுத்தச் சொன்னாள். இறங்கிப்போய்ச் சாலையோரத்தில் நின்றாள். அது ஸாலெமின் லாரி நின்ற இடம்தானா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உப்பு நிலம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லல நூரி."

"பாத்தேன்."

"இனிமே சொல்றதுக்கு யாரும் இல்ல."

நான் வண்டியை எடுத்தேன். ஸ்ஃபாக்ஸ் வரும்வரை அவள் தூங்கவில்லை.